சென்னை நடைப்பயணமும் நம் ஊர்க் கடமையும்

(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்னையில் நடந்த புற்றுநோய் விழிப்புணர்வு நடைப்பயணத்தில் நம் தாமலிலிருந்து 14 பேர் ஒரு குழுவாகக் கலந்துகொண்டோம். ஆண்கள் 8 பேர், பெண்கள் 6 பேர். அதன் கணக்கையும், அங்கே நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் உங்கள் முன் வைப்பது என் கடமை.

புறப்படும் முன்பே ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, தர்மம் செய்ய மெட்ராஸ் வரைக்கும் போய் ஊர்வலம் போகணுமா? இங்கேயே உண்டியலில் போட்டால் ஆகாதா?"

நியாயமான கேள்வி. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நல்லதே, மறைவாக ஏழைக்குக் கொடுப்பது அதைவிட மேல் என்பதுதான் நாம் மதரஸாவில் ஓதிய பாடம். முகஸ்துதி கலந்துவிட்டால் எவ்வளவு தூரம் நடந்தாலும் கால்வலிதான் மிச்சம். ஆனால் புற்றுநோய் விஷயத்தில் மறைப்பதே ஒரு நோயாகிவிட்டது. கட்டி இருப்பதைக் கணவரிடம்கூடச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள். தறியில் உட்காரும்போது வாயில் புகையிலை அடக்கி, புண் வந்தும் காட்டாத ஆண்கள் இருக்கிறார்கள். தர்மத்தை மறைக்கலாம், நோயை மறைக்கக் கூடாது. அதற்காகவே வெளியே வந்து நடந்தோம்.

நடந்து நிதி திரட்டுவதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஒருவர் உண்டு. கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் உயிரோடு இருக்கும்போதே 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. 1981 ஜூனில், 22 வயதில் இறந்தார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். நம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அது நடந்திருக்கிறது.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். அதிகாலை 3 மணிக்கு வேனில் புறப்பட்டோம். பஜ்ர் தொழுகை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில். ரமலான் மாதத்தில் அந்தப் பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தி சகோதரர்கள் பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறி வருகிறார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் கடற்கரைக்கு நடந்தேன்.

நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடை. தொடக்கத்திலேயே அண்ணா சமாதி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர். முதலமைச்சராக இருக்கும்போதே புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் பெயரில்தான் நமக்குப் பக்கத்தில் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அப்போது என் பக்கத்தில் நடந்துவந்த ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார்: "பாய், காரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கோம். என் நாத்தனார் ஏன் பாதியில் நிறுத்தினாள்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

அவர் சொன்னார். நாத்தனாருக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்கச் சொன்னார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் தினமும் கூடப் போக கணவர் தறியை விட்டு எழ வேண்டும். தறி ஓடாத நாள் கூலி இல்லாத நாள். இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டார். அதற்கு முன் நம் அலுவலகத்துக்கு வந்து உதவி கேட்டிருக்கிறார். "மருத்துவமனை பில் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். இலவச சிகிச்சைக்கு ஏது பில்?

சகோதரர்களே, அப்படிச் சொல்லி அனுப்பியவன் நான்தான். விதிப்படி சொன்னேன். அவர் வீடு நம் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு. நான் அதைத் தெரிந்துகொள்ள மெரினா வரை போக வேண்டியிருந்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. அந்தச் சகோதரியிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் மருத்துவரிடம் காட்டி, சிகிச்சையைத் தொடர்கிறார்.

இனி கணக்கு. உறவினரும் நண்பர்களும் தருவதாக ஒப்புக்கொண்டது ரூ. 46,500. கைக்கு வந்தது ரூ. 38,200. மீதியைத் தருபவர்கள் இம்மாதத்துக்குள் தந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், வேன் வாடகை, காலை உணவு எல்லாம் போனவர்களே பகிர்ந்துகொண்டோம். இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.

இந்தப் பணத்தை என்ன செய்வது? மூன்று யோசனைகளை நிர்வாகக் குழு ஏற்றிருக்கிறது.

முதலாவது, இது மருந்துக்கான நிதி அல்ல, போய்வருவதற்கான நிதி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. ஆட்டோ வாடகையையும் உடன்போகிறவரின் ஒரு நாள் கூலியையும் யார் பார்ப்பது? அதை நாம் தருவோம். பில் கேட்க மாட்டோம். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் போதும். வெளியூர் மருத்துவமனைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தையும் நாங்களே நிரப்பித் தருவோம்.

இரண்டாவது, இந்தப் பணத்தில் பிற சமூக அண்டை வீட்டாரின் காசும் இருக்கிறது. ஆகவே ஊரில் யாருக்கு நோய் வந்தாலும் தருவோம். ஜகாத் கணக்கு தனி. அது இதில் கலக்காது. செலவுத்தொகை மாதாமாதம் பலகையில் ஒட்டப்படும். நோயாளியின் பெயர் ஒட்டப்படாது.

மூன்றாவது, பெண்கள் பேசுவதற்கு நடைக்கு வந்த இரண்டு சகோதரிகள் வெள்ளி அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்பார்கள். கட்டி, ஆறாத புண், காரணமில்லாத இரத்தப்போக்கு எதுவானாலும் தயங்காமல் வந்து சொல்லுங்கள்.

பணம் சிறிது. ஆள்தான் அதிகம் வேண்டும். நோயாளியுடன் காரப்பேட்டைக்குப் போய்வர, மாதத்துக்கு ஒரு நாள் தரக்கூடியவர்கள் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். 25 நாள் சிகிச்சைக்கு 25 பேர் கிடைத்தால், ஒரு நெசவாளியின் தறி ஒரு நாள்கூட நிற்காது. மெரினாவில் 14 பேர் நடந்தோம். இந்த நடைக்கு அதைவிட அதிகம் பேர் வர வேண்டும்.

நம் நிய்யத்தை அல்லாஹ் தூய்மையாக்குவானாக. நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.