வட்டிக் கணக்கும் நம்மவரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

சென்ற திங்களில் நம் வாலிபர் ஒருவர் தாளொன்றைக் கையிலேந்தி நம்மிடம் வந்தார். தொழிலுக்கென 12,000 ரூபாய் கடன் பெற்று, மாதம் 1,120 ரூபாயாகப் பன்னிரண்டு தவணைகளையும் கட்டித் தீர்த்தவர். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியென்பது ஏற்பாடு. "வட்டி 12 தானா?" என்றார். "1,440 ரூபாய்தானே கொடுத்தீர், சரியே" என்று விடையிறுத்து அனுப்பிவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஏனெனில், அத்தொகை ஓராண்டு முழுமையும் அவர் கையில் இருந்திலது. முதற்றிங்களின் முடிவிலேயே அசலில் ஆயிரம் திரும்பிவிட்டது. கடைசித் திங்களில் அவர் வசமிருந்தது ஆயிரமே. வட்டியோ முழுத்தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வாங்கப்பட்டது. சராசரியில் அவர் கையாண்டது 6,500 ரூபாய். அதற்கு 1,440 வட்டியென்றால் நூற்றுக்கு 22-ஐத் தாண்டுகின்றது. நுணுகிக் கணக்கிடினும் ஏறக்குறைய 21½ வரும்.

நம்மவர் கணக்கறியாதவரல்லர். சந்தையிற் காய்கறி விற்கும் பாட்டியிடம் முக்கால் கிலோவுக்கு விலை கேட்டால், நாம் பையை விரிக்குமுன் விடை வரும். தாளில் நூற்றுவீதம் கண்டவுடனேதான் மயங்குகின்றோம். 20 விழுக்காடு தள்ளுபடி, அதன்மேல் 10 என்றால் 30 என மகிழ்கின்றோம். 100 ரூபாய் 80 ஆகி, 80 ரூபாய் 72 ஆகின்றது, தள்ளுபடி 28 மட்டுமே. மாதம் இரண்டு வட்டியென்பதும் சிறிதாகவே தோன்றும். வட்டி மாதந்தோறும் முதலோடு சேருமாயின், ஏதும் கட்டாத கடன் 35 திங்களில் இரட்டித்துவிடும்.

திண்ணைப் பள்ளி போயிற்று, கணக்கும் போயிற்று என்று முதியோர் வருந்துவர். 320-இல் ஒரு பங்காகிய முந்திரிவரை எண்சுவடியை மனனஞ் செய்த காலம் அது. 16 அணாவாயிருந்த ரூபாய் 1957-இல் 100 காசுகளாகப் பகுக்கப்பட்டபின் அக்கீழ்வாயிலக்கத்திற்கு வேலை குறைந்தது. ஆயினும் அத்திண்ணையில் நம் பாட்டிமார் பெரும்பாலும் அமர்ந்திலர் என்பதை மறைத்தல் தகாது. அமர்ந்தவரும் ஒப்பித்தனரேயன்றி, காரணம் வினவினாரோ என்பது ஐயமே.

இனி, சொல்லக் கூசும் செய்தி ஒன்று. அவ்வாலிபர் கொணர்ந்த தாள் அயலார் எவருடையதும் அன்று. நம் சங்கத்து உதவி நிதியின் தாளே அது. எவரும் வஞ்சனை எண்ணினாரில்லை. அவ்விதியை எழுதிய நாளில் நாமும் அதிற் கையொப்பமிட்டோம், நமக்கும் தோன்றவில்லை.

மாதம் ஆயிரமாக அசலைத் திரும்பப் பெற்று, குறைந்துவரும் அசலுக்கே 12 வீதம் வாங்கியிருப்பின், வட்டி 780 ரூபாயே ஆகும். எஞ்சிய 660 ரூபாயை அவருக்குத் திருப்பித் தரவும், விதியைத் திருத்தவும், ஏனையோர் கணக்குகளை மீண்டும் பார்க்கவும் ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்துள்ளோம். நிதி குறையும், அதனை அறிந்தே கேட்கின்றோம். பிற்பகல் அது விவாதத்திற்கு வரும்பொழுது, அன்பர்கள் தாளும் எழுதுகோலும் கொணர்ந்து, நாம் கூறிய தொகைகளைத் தாமே போட்டுப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கின்றோம்.