சாமியும் மாளிகைப்புறமும்

நடுவர் அவர்களே! வீட்டிலே அதிகாரம் மனைவிக்கே என்று பேச வந்திருக்கிறேன். வீட்டிலே உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். (சிரிப்பு)

சில வீட்டுக் கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை குடை, தடி, விசிறியோடு சந்நியாசம் போகக் கிளம்புவார். பெண்ணைப் பெற்றவர் வழிமறித்து, ‘என் மகளைத் தர்றேன், திரும்பி வாங்க’ என்பார். தப்பிக்க ஒரு சான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் தாலியே கட்டச் சொல்கிறார்கள்! ஆனால் தெருமுனையைத் தாண்டிய மாப்பிள்ளை ஒருத்தர்கூட சரித்திரத்தில் கிடையாது.

எங்க வீட்டில் அந்தச் சடங்கும் இல்லை. அதனாலே கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டேன். 41 நாள் விரதம். மாலை போட்டவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். சாமியை யாராவது திட்டுவார்களா?

திட்டினாளே! ‘ரேஷன்ல பாமாயில் போடுறாங்களாம், ஓடுங்க சாமி!’ ‘சாமிக்குக் காது கேக்கலியா?’ ரெண்டு வேளை பச்சைத்தண்ணிக் குளியல், தரையிலே பாய், கோபம் கூடவே கூடாது. அதாவது என் வழக்கமான வாழ்க்கைதான். வேட்டி மட்டும் கறுப்பு. (கைதட்டல்)

மலைக்குப் போற நாலு நாளாவது நிம்மதி என்று இருமுடி கட்டப் போனால், வரிசையில் எனக்கு முன்னே ஒரு மாளிகைப்புறம். என் சம்சாரம்! 10 வயசுக்குள்ளே, 50 தாண்டி இருக்கிற பெண்கள் மலைக்குப் போவது காலங்காலமான வழக்கம். யார் வயசு கேட்டாலும் 38 என்று சொன்னவள், குருசாமியிடம், ‘போன மாசம் 51 முடிஞ்சுது சாமி’ என்கிறாள்! தாலிக்கொடியோடு துளசிமாலையும் 41 நாளாகக் கழுத்தில் கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால்தானே தெரியும்!

பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நீலிமலை ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. முன்னே போனவள் திரும்பி வந்து தோள்பையைத் திறந்தாள். என் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுக்குத்தண்ணி.

‘நீங்க எடுத்து வைக்க மாட்டீங்கன்னு தெரியும். தனியா அனுப்பாதீங்கன்னு டாக்டர் சொன்னார் சாமி. அதான் வந்தேன்.’

எனக்குப் பேச்சு வரவில்லை. மேல்மூச்சு வாங்குகிறது என்று சமாளித்துவிட்டேன்.

18 படி ஏறி, தரிசனம் முடிந்து, ‘என்ன வேண்டிக்கிட்டே?’ என்று மெதுவாகக் கேட்டேன்.

‘18 வருஷம் விடாம வந்தவங்க தென்னங்கன்னு கொண்டுவந்து நடுவாங்களாமே? நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடணும்னு வேண்டிக்கிட்டேன்.’

இன்னும் 17 வருஷம் இருக்கு, நடுவர் அவர்களே!