ஏழையின் சம்மதமும் மருந்து முதலாளியும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சினிமாப் படத்தைப் பற்றியாகும். சினிமாவைப் பற்றிப் பேசுவதற்கா இத்தனை பேர் கூடினோம் என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். ஆட்டத்தையும் பாட்டையும் பற்றிப் பேச நாம் வரவில்லை. ஒரு மனிதன் தன் மனைவி எப்படிச் செத்தாள் என்று கேட்கப் புறப்பட்டால், எந்தெந்தக் கதவுகள் அவன் முகத்தில் அடித்துச் சாத்தப்படும் என்பதைக் காட்டுகிற படம் அது. ஆதலால் பேசுகிறோம்.

படத்தின் பெயர் 'தி கான்ஸ்டண்ட் கார்டனர்' என்பது. எப்போதும் தோட்ட வேலையே கதியாக இருக்கிறவன் என்று நம் பாஷையில் சொல்லலாம். ஜான் லெ காரே என்ற இங்கிலீஷ் எழுத்தாளர் 2001-ல் வெளியிட்ட நாவலை வைத்து, பிரேஜில் தேசத்து பெர்னாண்டோ மெய்ரெல்லெஸ் என்பவர் 2005-ல் இதைப் படமாக்கினார். அந்த எழுத்தாளர் முன்னாளில் பிரிட்டிஷ் வேவு இலாகாவிலேயே வேலை பார்த்தவர். ஆகையால் சர்க்கார் மாளிகைகளுக்குள் எப்படிப் பேசுவார்கள், எப்படி மூடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்த சங்கதியே.

கதை இதுதான். கென்யா தேசத்து நைரோபி நகரில் பிரிட்டிஷ் தூதர் ஆபீசில் ஜஸ்டின் என்று ஒரு உத்தியோகஸ்தன். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான். வீட்டுக்கு வந்தால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். அவன் மனைவி டெஸ்ஸா அதற்கு நேர்மாறு. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பவள். பிரசவத்தில் அவள் குழந்தை இறந்தே பிறக்கிறது. அதே ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கறுப்பு ஏழைப் பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். தன் குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்திலும் டெஸ்ஸா அந்தப் பெண்ணின் குழந்தைக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள். பெண் ஏன் சாகிறாள் என்றும் விசாரிக்கிறாள். க்ஷயரோகத்திற்கென்று புதிதாகச் செய்த ஒரு மருந்தை அந்த ஏழைகளிடம் கம்பெனிக்காரர்கள் பரீட்சை பார்க்கிறார்கள் என்பதும், அதனால் செத்தவர்களின் கணக்கை அழித்துவிடுகிறார்கள் என்பதும் வெளியாகின்றன. மருந்தைத் திருத்திச் செய்ய இரண்டொரு வருஷமும் ஏராளமான பணமும் ஆகும். அதற்குள் போட்டிக்காரன் முந்திக்கொள்வான். ஆகவே செத்தவன் சாகட்டும், கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கட்டும் என்பது கம்பெனியின் தர்மம்.

அவள் ஓர் அறிக்கை எழுதிக் கணவனின் மேலதிகாரிகளிடம் நம்பிக் கொடுக்கிறாள். அவர்கள் அதைப் புதைத்துவிடுகிறார்கள். பிறகு துர்க்கானா ஏரிக்கரையில் அவள் கொலை செய்யப்பட்டுக் கிடக்கிறாள்.

தோழர்களே! அதன் பிறகு பெரிய மனிதர்கள் ஜஸ்டினிடம் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். "உன் மனைவி ஒரு கறுப்பு டாக்டரோடு சுற்றினாள், அவனோடு போன இடத்தில் செத்தாள், இதைக் கிளறினால் உனக்குத்தான் அவமானம், ஊருக்குப் போய் ஓய்வெடு" என்கிற தோரணையில் பேசினார்கள். அந்த டாக்டரோ அவளோடு கூட உழைத்ததற்காகச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டவர். கேள்வி கேட்கிற ஆண்பிள்ளையைப் பைத்தியக்காரன் என்பார்கள். கேள்வி கேட்கிற பெண்பிள்ளையை நடத்தை கெட்டவள் என்பார்கள். கணவனுக்கு ரோஷம் வந்து வாயை மூடிக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு. இந்த வித்தையைக் கற்க நைரோபிக்குப் போகவேண்டியதில்லை. நம் தெருவிலேயே இதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஜஸ்டின் வாயை மூடிக்கொள்ளவில்லை. துக்கத்தை வைத்து அழுதுகொண்டிருக்காமல், அதைக் கேள்வியாக மாற்றினான். அவள் நடந்த வழியெல்லாம் நடந்தான்; அவள் கேட்டதையெல்லாம் கேட்டான். கடைசியில் அவள் செத்த ஏரிக்கரையிலேயே அவனையும் கொல்ல வருகிறார்கள். ஆனால் மூடிவைத்த கடிதம் இலண்டனில் பலர் முன்னிலையில் வாசிக்கப்பட்டுவிடுகிறது. படம் அவ்வளவோடு முடிகிறது.

நிற்க, இந்தப் படத்தில் நம் மனதில் தைக்கவேண்டிய இடம் கொலையல்ல. மருந்து வாங்க வரிசையில் நிற்கும் ஏழைகளிடம் ஒரு சீட்டு இருக்கிறது. விஷயம் தெரிந்து சம்மதித்தார்கள் என்பதற்கு அதில் இரண்டு எழுத்து போட்டிருக்கிறது. சம்மதிக்காவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பரீட்சை மருந்து மட்டுமா நிற்கும்? இல்லை, எல்லா வைத்தியமும் நின்றுவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் மருந்து கிடையாது. இதற்குப் பெயர் சம்மதமாம்! பசித்தவன் முன் சோற்றை வைத்துக்கொண்டு, "கைநாட்டு வைத்தால் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, அவன் மனப்பூர்வமாகக் கைநாட்டு வைத்தான் என்று கோர்ட்டில் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

இது வெறும் கட்டுக்கதை என்று சிலர் சொல்லலாம். படத்தில் வரும் கம்பெனியும் மருந்தும் கற்பனைதான். ஆனால் உண்மையில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

1996-ல் நைஜீரியா தேசத்தில் மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளைச்சவ்வுக் காய்ச்சல் பரவி, 1,00,000-க்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் செத்தார்கள். கானோ நகரத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற சங்கத்தார் பழகிய மருந்தை இலவசமாகக் கொடுத்து வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அதே ஆஸ்பத்திரிக்கு அமெரிக்காவின் ஃபைசர் கம்பெனியாரும் வந்தார்கள். 200 குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து, 100 குழந்தைகளுக்கு டிரோவான் என்ற தங்கள் புது மருந்தையும், 100 குழந்தைகளுக்கு முன்பே வழக்கத்திலிருந்த வேறொரு மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 11 குழந்தைகள் செத்தன. புது மருந்து தின்றவை ஐந்து, மற்றதில் ஆறு.

இந்தக் கணக்கைக் காட்டி, குழந்தைகளைக் கொன்றது நோயே தவிர மருந்தல்ல என்றார்கள் கம்பெனியார். பெற்றோர்களிடம் நர்சுகள் மூலமாக வாய்மொழியாகச் சம்மதம் பெற்றோம் என்றும் சொன்னார்கள். பெற்றோர்களோ, இது பரீட்சை என்றே எங்களுக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம் என்றார்கள். செவிடாயும் குருடாயும் முடமாயும் போன குழந்தைகளைக் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த பழைய மருந்தையும் அளவு குறைத்துக் கொடுத்தார்கள் என்று குற்றஞ்சாட்டினார்கள். 2000 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை விஷயத்தை அம்பலப்படுத்திற்று. நைஜீரிய சர்க்கார் டாக்டர்களைக் கொண்டு கமிட்டி போட்டது. 2001-ல் அவர்கள் எழுதிய அறிக்கை என்னவாயிற்று? டெஸ்ஸாவின் அறிக்கை போலவே பெட்டிக்குள் போயிற்று. 2006-ல் அதே பத்திரிகையின் கையில் சிக்கிய பிறகுதான், அது சட்டவிரோதமான சோதனை என்று கமிட்டியார் எழுதியிருந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

பிறகு 2007-ல் வழக்கு. 2009-ல் கானோ மாகாண சர்க்காரோடு 7.5 கோடி டாலருக்கு ராஜி. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ராஜி! 2011-ல் முதலாவதாக நான்கு குடும்பங்களுக்குத் தலைக்கு 1,75,000 டாலர் கொடுக்கப்பட்டது. குழந்தை செத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் காசு வந்தது. அந்த டிரோவான் மருந்தோ, 1997-ல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, ஈரலைக் கெடுக்கிறதென்று 1999-லேயே அங்கு கட்டுப்படுத்தப்பட்டது, ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது.

தோழர்களே! மருந்து கொன்றதா, நோய் கொன்றதா என்பதை டாக்டர்கள் வாதிக்கட்டும். "என் குழந்தையின்மேல் பரீட்சை செய்ய என்னைக் கேட்டாயா?" என்ற ஒரு கேள்விக்கு டாக்டர் படிப்பு வேண்டுமா? 1947-ல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில், சிறைக் கைதிகளை வைத்துச் சோதனை நடத்திய நாஜி டாக்டர்களை விசாரித்த கோர்ட்டார், மனிதனுடைய சொந்த சம்மதமில்லாமல் அவன் உடம்பில் சோதனை கூடாது என்பதையே முதல் விதியாக வைத்தார்கள். அந்த விதி வெள்ளைக்காரன் உடம்புக்கு மட்டும் எழுதினதா?

இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, இங்கிலீஷ் வைத்தியமே மோசம்; மந்திரமும் விபூதியுமே போதும்" என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. அதே கானோவில் 2003-ல் என்ன நடந்தது? இளம்பிள்ளைவாதத்துக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்று மதத் தலைவர்கள் சிலர் புரளி கிளப்பினார்கள். 1996-ல் எங்கள் குழந்தைகளை என்ன செய்தார்கள் பார்த்தீர்களா என்று அதையே ஆதாரமாகவும் காட்டினார்கள். ஜனங்கள் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? ஒருமுறை ஏமாந்தவர்கள் அல்லவா? மாகாண சர்க்காரே சொட்டு மருந்தை நிறுத்திவைத்து, 2004-ல்தான் மறுபடி தொடங்கிற்று. அதற்குள் வாதநோய் அங்கிருந்து பல தேசங்களுக்குப் பரவிவிட்டது. ஆப்பிரிக்கா பூராவும் அந்த நோயின் இயற்கைக் கிருமி ஒழிந்ததென்று சொல்ல 2020-ஆம் வருஷம் ஆயிற்று.

ஆகவே முதலாளியின் பித்தலாட்டத்துக்கு இரண்டு விலை. அன்று அவன் ஏமாற்றியவர்கள் கொடுத்தது ஒன்று. அதன் பேரில் மூடநம்பிக்கைக்காரன் வியாபாரம் நடத்தியபோது, காலிழந்த குழந்தைகள் கொடுத்தது இன்னொன்று. விஞ்ஞானத்தின் பேரால் பொய் சொல்லுகிறவன், விஞ்ஞானத்தின் விரோதிக்கே கடை வைத்துக் கொடுக்கிறான்.

மருந்துச் சோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சோதிக்காத மருந்தை விழுங்குவதும் மந்திரித்த தாயத்தைக் கட்டிக்கொள்வதும் ஒன்றுதான். சோதனையை ஏழைகளுக்காகவும் நடத்தலாம் என்பதற்கு நம் சென்னைப் பட்டணமே சாட்சி. படத்தில் வருகிற அதே க்ஷயரோகந்தான். முன்பெல்லாம் அந்த நோய் கண்டவனைத் தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுக்கவேண்டும் என்று சொல்லி வந்தார்கள். ஏழைக்கு அதற்கு எங்கே வழி? 1956 முதல் சென்னையில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு பகுதி ஏழைகளை ஆஸ்பத்திரியிலும், மற்றொரு பகுதியினரை அவர்கள் குடிசையிலேயேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்து மருந்து தின்றவனும் ஏறக்குறைய அதே அளவில் குணமானான் என்று 1959-ல் வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகமெங்கும் ஏழைகளுக்கு வீட்டிலிருந்தே வைத்தியம் என்பது வழக்கமாயிற்று. இதுவும் சோதனைதான். ஆனால் கணக்கை அழிக்கவில்லை. வந்த பலன் சோதனைக்கு உடம்பு கொடுத்த ஜாதி ஏழைக்கே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் நாம் என்ன செய்யவேண்டும்? நம் தேசத்தில் 2019-ல் புது மருந்துச் சோதனை விதிகள் வந்திருக்கின்றன. அதன்படி, சோதனைக்கு உட்படுகிறவனுக்கு விளங்கும் பாஷையில் விஷயத்தைச் சொல்லி எழுத்து மூலம் சம்மதம் வாங்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனானால் கம்பெனியைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்கவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினான் என்பதற்காக வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் நேர்ந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு.

சட்டப் புத்தகம் தானாகப் பேசாது. நாம்தான் பேசவேண்டும். நாளைக்கு உங்கள் ஊருக்கு யாராவது புது மருந்தென்று கொண்டுவந்தால், "கும்பிடுகிறேன் சாமி" என்று கையை நீட்டவும் வேண்டாம். பேய் வந்ததுபோல் ஓடவும் வேண்டாம். இது வைத்தியமா சோதனையா? எனக்கு என்ன கெடுதல் வரக்கூடும்? நான் மாட்டேன் என்றால் எனக்கு வழக்கமான மருந்து உண்டா? கெட்டுப்போனால் யார் பொறுப்பு? இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். யோக்கியமான டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். கோபித்துக்கொள்கிறவனை அந்தக் கோபத்தைக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

நம் வீட்டில் சாவு விழுந்தால், "அவன் விதி முடிந்தது" என்று சொல்லித் துக்கத்தை ஆற்றிக்கொள்கிறோம். விதி என்ற சொல் அழுகிறவனுக்கு ஆறுதலோ இல்லையோ, கணக்கை அழிக்கிறவனுக்கு மட்டும் பெரிய சௌகரியம். கானோவில் பெற்றவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் வழக்கும் இல்லை, அறிக்கையும் இல்லை, ஒரு டாலரும் இல்லை. செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் ஆகாது. எப்படிச் செத்தார்கள் என்று கேட்பது மட்டும் இருக்கிறவர்கள் கையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.