அங்கே யார் காத்திருக்கிறார்கள்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். யோகா, மாடித் தோட்டம் பற்றி முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் கம்ப்யூட்டரில் விளையாடுகிறேன். சிரியுங்கள், பரவாயில்லை.

இருபது வருடத்துக்கு முன்னால், என் மகன் கல்லூரியில் படித்தபோது, நடுராத்திரி வரை அவன் அறையில் விளக்கு எரியும். டெலிபோன் பில் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் மோடம் வயரைப் பிடுங்கிவிட்டேன். "அப்பா, அங்கே நாலு பேர் எனக்காகக் காத்திருக்காங்க" என்றான். "எங்கேடா? என் கண்ணுக்கு யாரும் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

நான் ஓய்வு பெற்றதும் அதே ஆட்டத்தை அவனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பெயர் டிஸ்க்வேர்ல்ட். டெரி பிராட்செட் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல்களில் வரும் ஊர்களை வைத்து 1991இல் தொடங்கியது. கட்டணம் கிடையாது, நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். படமும் கிடையாது. "பாலத்தின் மேல் நிற்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுத்து வரும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நாம் டைப் அடிக்க வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான், விரல்களுக்கு மறுபடி வேலை கிடைத்தது.

இந்த வகைக்கு முன்னோடி, 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற ஆட்டம்.

இப்போதைய பெரிய ஆட்டங்களில் லட்சக்கணக்கான பேர். முன்பின் தெரியாத ஐந்து பேரை மெஷினே சேர்த்துவிடும், ஆட்டம் முடிந்தால் அவரவர் வழி. எங்கள் ஆட்டத்தில் நான் போகும் நேரத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தால் அதிகம். இன்று ஒருவரை ஏமாற்றினால் அடுத்த வாரம் யாரும் கூட வரமாட்டார்கள். கிராமக் கிளையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். பென்ஷன் வாங்கும் பாட்டி ஐந்தாம் தேதி வரவில்லை என்றால் பியூனே விசாரித்துவிட்டு வருவார்.

கண் தெரியாதவர்களும் எங்களோடு ஆடுகிறார்கள். எழுத்தை வாசித்துக்காட்ட மென்பொருள் இருக்கிறது. படம் இல்லாததால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வழி மறந்தால் நான்தான் அவர்களைக் கேட்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்று படத்தோடு கூடிய ஓர் ஆட்டம். 2004இல் வந்தது, 2012 நவம்பரில் கம்பெனி மூடிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை, பின்னாளில் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். 2024 ஜனவரியில் அந்தக் கம்பெனியே அவர்களில் ஒரு குழுவுக்கு உரிமம் கொடுத்தது. பி.காமில் குட்வில்லைச் சொத்துப் பக்கத்தில் எழுதப் படித்தேன். அது இவ்வளவு பெறும் என்று நினைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல், பன்னிரண்டு நாள் படுக்கை. திரும்பப் போய்ப் பார்த்தால் ஆட்டத்துக்குள் எனக்கு மூன்று கடிதங்கள். "உடம்பு சரியில்லையா? நீங்கள் வராமல் நாங்கள் மலைப்பக்கம் போகவில்லை" என்று ஒன்று. நம் பிளாக்கில் அந்தப் பன்னிரண்டு நாளில் விசாரித்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான். குறையாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் கால் எலும்பு முறிந்து கிடந்தது எனக்கும் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி மகனுக்கு போன் செய்தேன். "அந்த நாலு பேர் என்ன ஆனாங்கடா?" என்று கேட்டேன். யாரைக் கேட்கிறேன் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேர் இன்னும் ஆடறாங்கப்பா. ஒருத்தரோட தொடர்பு விட்டுப்போச்சு. ஹூப்ளிக்காரர் என் கல்யாணத்துக்கே வந்தாரே. நீங்கதான் அவருக்கு ரெண்டாவது தடவை பாயசம் போடச் சொன்னீங்க."