குளிர் மலையிலும் கொதிக்கும் கணினி

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "கேமரன் மலையில் கணினி சூடாகிறதாம்! நாமே சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்" என்று ஓர் அண்ணன் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. நியாயமான சிரிப்புதான். ஆனால் இந்த நிகழ்ச்சிக்காக இங்குள்ள தோட்டங்களுக்குப் போனபோது, வீட்டுக்கு வீடு ஒரே புகாரைத்தான் கேட்டேன். "ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பட்டென அணைந்துவிடும். தொட்டுப் பார்த்தால் பெட்டி கொதிக்கிறது."

ரிங்லெட் பக்கம் ஒரு வீட்டில், படிவம் ஐந்து படிக்கும் பையன் ஒருவன் இதற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். "கேம் விளையாடி விளையாடியே கெடுத்துவிட்டான்" என்பது அப்பாவின் தீர்ப்பு. பையனுக்கோ எஸ்.பி.எம். பயிற்சித்தாள்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. பட்டணத்துக் கடை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து பார்க்காமலே "போர்டு போய்விட்டது, 800 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஏறக்குறைய பாதி இந்த 800 வெள்ளி. பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்து மூலையில் வைத்துவிட்டார்கள். எங்களோடு வந்திருந்த தொழில்நுட்பர் அதைத் திறந்து பார்த்தபோது, உள்ளே கெட்டுப்போன பொருள் எதுவுமே இல்லை. சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி ஒரு தூசிப் படலம் இருந்தது, அவ்வளவுதான்.

நேயர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினி தானாக அணைவது அதன் நோயல்ல. அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. கணினிக்கு மூளையாக இருக்கிற பிராசசர் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சில்லு. 2004-இல் வந்த சில பென்டியம் 4 வகைச் சில்லுகள் 100 வாட்டுக்கும் மேல் சூட்டைக் கக்கின. பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டை அந்த நகத்தளவு இடத்தில் எரிய விட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 100 டிகிரியை நெருங்கியதும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்கவில்லை என்றால் மின்சாரத்தையே துண்டிக்கச் செய்துவிடும். விண்டோஸிடம் அனுமதி கேட்காது, "சேமிக்கவா?" என்றும் கேட்காது. அதனால்தான் பட்டென்று அணைகிறது.

இந்தக் காவல் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய ஏடு ஒரு சோதனையைப் படம் பிடித்து வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பிராசசரின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றிவிட்டார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. அன்றைய ஏ.எம்.டி. அத்லான் சில்லுகளோ சில விநாடிகளில் புகைந்து கருகிப் போயின. அதைப் பார்த்து உலகமே அதிர்ந்தது. ஆகவே உங்கள் வீட்டுக் கணினி அணைந்தால், "நல்லவேளை, அணைந்தது" என்றுதான் முதலில் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த அண்ணனின் சிரிப்புக்கு வருகிறேன். கோலாலம்பூரில் நண்பகலில் 33 டிகிரி அடிக்கும்போது தானா ராத்தாவில் 22, 23 டிகிரிதான். பத்து டிகிரி நமக்கு இலாபம். ஆனால் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. காற்று மெலிந்திருப்பதால், அதே மின்விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைகிறது. பெரிய கணினிகளைத் தயாரிப்பவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், இயந்திரம் தாங்கக்கூடிய அறைவெப்பத்தில் ஒரு டிகிரியைக் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது இரண்டு டிகிரி கூட வராது. குளிர் பத்து கொடுக்கிறது, உயரம் இரண்டு எடுக்கிறது, மிச்சம் எட்டு நம் கையில் இருக்கிறது.

இந்த எட்டு டிகிரிதான் நம்மை ஏமாற்றுகிறது. ஈப்போவில் ஒரு கணினியின் மின்விசிறி பாதி அடைபட்டாலே முதல் மாதத்தில் தெரிந்துவிடும். இங்கே குளிர் அதை மறைத்து வைத்திருக்கும். முக்கால்வாசி அடைபடும் வரைக்கும் எந்த அறிகுறியும் தெரியாது. கேமரன் மலையில் ஒரு கணினி சூட்டால் அணைகிறது என்றால் கோளாறு ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள். பையன் கேம் விளையாடியது குற்றமல்ல. விளையாடும்போது பிராசசர் முழுமூச்சாக உழைக்கிறது, மறைந்திருந்த அடைப்பு அப்போது வெளியே தெரிகிறது. மேட்டில் ஏறும்போது லாரி கொதித்தால் மேட்டையா குற்றம் சொல்வோம்?

உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். பறித்த கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்து வைத்தால் என்ன ஆகும்? உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். ஆலையில் இலை வாட்டும் நீளத் தொட்டிகளின் அடியிலிருந்து மின்விசிறி காற்றை ஊதுகிறதல்லவா, இலையை அளவுக்கு மீறிக் கொட்டிவிட்டால் காற்று மேலே வராது. 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் வேலை செய்யும் மக்களுக்கு இது கைவந்த பாடம். கணினியிலும் இதே கதைதான். பிராசசரின் மேல் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் இடுக்குகளில் காற்று புகுந்து சூட்டை எடுத்துச் செல்ல வேண்டும். அந்த இடுக்குகள் தூசியால் அடைபட்டால், மின்விசிறி 'ஙொய்' என்று எவ்வளவு கத்தினாலும் பயன் இல்லை.

இங்குள்ள தூசிக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. எந்நேரமும் மூடுபனியும் ஈரமும். சாதாரணத் தூசி ஊதினால் பறந்துவிடும். ஈரத்தில் ஊறி, சமையல் புகை, சாம்பிராணிப் புகை, கம்பளியின் நூலிழை எல்லாம் சேர்ந்த தூசி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நான் பார்த்த சில வீடுகளில் கணினி சாமி மேடைக்குக் கீழே இருந்தது. மரியாதையான இடம்தான், எண்ணெய் விளக்குப் புகைக்கும் அதுவே இடம். இன்னும் சில வீடுகளில் தூசி படக்கூடாது என்று பூப்போட்ட துணியால் பெட்டியை மூடி, துணியை எடுக்காமலேயே ஓட்டுகிறார்கள். அம்மாமார்கள் மன்னிக்க வேண்டும். அணைத்து ஆறிய பிறகு மூடுங்கள், ஓடும்போது வேண்டாம்.

மடிக்கணினிக்கு எதிரி கம்பளி. குளிருக்குப் பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்து, மடிக்கணினியைக் கம்பளி மேல் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் முழுக்க அடைபட்டுப் போகின்றன. பிள்ளைக்குக் கதகதப்பு, கணினிக்குக் காய்ச்சல். இது கணினியை மட்டும் பாதிப்பதில்லை. தினமும் பல மணி நேரம் மடிக்கணினியைத் தொடையில் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தோலில் வலைபோன்ற கருஞ்சிவப்புத் தழும்பு விழுந்ததைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரு மரப்பலகையோ தட்டையான தட்டோ அடியில் வைத்தால் போதும்.

சரி, அணைவது சூட்டினால்தானா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கடிகாரத்தைப் பாருங்கள். காலையில் ஆறிக் கிடந்த கணினி 40 நிமிடம் ஓடி அணைகிறது, உடனே போட்டால் 5 நிமிடத்தில் அணைகிறது, ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் அரை மணிக்கு மேல் ஓடுகிறது என்றால், அது சூடுதான். ஆறியிருந்தாலும் சூடாக இருந்தாலும் நேரக் கணக்கே இல்லாமல் அணைகிறதா? அரிசி வேகவைக்கும் குக்கரையோ இஸ்திரிப் பெட்டியையோ போடும்போது அணைகிறதா? அப்படியென்றால் பவர் சப்ளை பெட்டியையோ வீட்டு மின்கம்பியையோ சந்தேகப்படுங்கள். கம்பி விஷயத்தில் விளையாட வேண்டாம், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கணினியைப் போட்டதும் டிலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான கணினிகளில் பயோஸ் திரை வரும். அதில் பிராசசரின் வெப்பமும் மின்விசிறியின் சுழற்சியும் காட்டப்படும் பக்கம் இருக்கும். மேசைக் கணினி சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி என்றால் கவலையில்லை. சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் அது வெறும் தூசி இல்லை. மின்விசிறி நின்றிருக்க வேண்டும், அல்லது குளிர்விப்பான் பிராசசரோடு ஒட்டாமல் தளர்ந்திருக்க வேண்டும். அது எப்படித் தளரும் என்கிறீர்களா? பல மேசைக் கணினிகளில் குளிர்விப்பானை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதையில் லாரியில் குலுங்கி வந்தால் அதில் ஓர் ஊசி கழன்றுவிடலாம். கீழே வாங்கி மேலே கொண்டு வந்த கணினி முதல் நாளே அணைந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்வதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிறகு பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியை வெளியே, மழைச்சாரல் படாத வாசலில் வைத்துப் பக்கத்து மூடியைத் திறக்கலாம். வண்ணம் பூசும் புதுத் தூரிகை ஒன்று, ஈரம் படாதது, போதும். மின்விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தகடுகளின் இடுக்கைத் துடையுங்கள். பலமாக ஊதி விசிறியைச் சுழல விட்டால் அதன் அச்சு கெடலாம். வீட்டு வேக்கும் கிளீனரின் குழாயைப் போர்டின் மேல் வைக்கக்கூடாது, நிலைமின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடும். ஈரத்துணியை நினைக்கவே வேண்டாம். பவர் சப்ளை பெட்டியை வெளியே இருந்து துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் அதற்குள் தங்கியிருக்கும். பிள்ளைகளிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

துடைத்த பிறகும் சூடு இறங்கவில்லை என்றால், பிராசசருக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே பூசியிருக்கும் வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். பல ஆண்டு ஓடிய கணினியில் இது சுண்ணாம்பு மாதிரி உதிரும். பழையதை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்று நினைத்து ரொட்டிக்கு ஜாம் தடவுவது போலத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம், தவறில்லை.

ஆனால் கடைக்குப் போகும்போது, "கணினி கெட்டுப்போச்சு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "40 நிமிடத்தில் அணைகிறது, பயோஸில் 85 டிகிரி காட்டுகிறது, தூசி துடைத்துவிட்டோம், பசை மாற்றிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அங்கே தெரிந்துவிடும். போர்டு போய்விட்டது என்று சொன்னால் எங்கே போயிற்று என்று காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே போன போர்டும் உண்டு. பழைய போர்டுகளில் சின்ன உருளைகளின் தலை உப்பிக்கொண்டு, பழுப்பு நீர் கசிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிக் காட்டினால் ஒத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்கு மேற்கொண்டு செலவு செய்வதைவிட வேறு கணினி பார்ப்பதுதான் நல்லது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது தோட்டத்து வீடுகளில் மூலையில் கிடந்த பழைய கணினிகள் எல்லாம் வகுப்பறையாக மாறின. இன்று பல்கலைக்கழக விண்ணப்பம்கூட இணையத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், கடைசி நாள் இரவு, கணினி அணைந்தால் பிள்ளை என்ன செய்யும்? அதனால் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அணையத் தொடங்கிய கணினியை, ஒருநாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், முதல் தடவை அணைந்த அன்றே உங்கள் கோப்புகளை ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். ஆறிய நிலையில் போட்டு, பக்கத்து மூடியைத் திறந்து வைத்து, மேசை மின்விசிறியை அதை நோக்கித் திருப்பிவிட்டால் கோப்புகளை நகலெடுக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கும்.

அந்தப் பையனின் கணினி மறுபடியும் ஓடுகிறது. தொழில்நுட்பர் துடைத்துப் பசை மாற்றிய பிறகு சும்மா இருக்கும்போது 43 டிகிரி காட்டியது. அப்பா பக்கத்தில் நின்று எண்ணைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே வைக்கலாம்?" என்று பையனிடமே கேட்டார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தரையில் இல்லாமல் பலகை மேல் வைத்திருக்கிறார்கள். கேள்விகள் இருப்பவர்கள் கை தூக்கலாம், ஒலிவாங்கி உங்களிடம் வரும்.