காற்றுக்கு விலை பேசுவது யார்?

சோளகம் வைகாசியில் எழுந்தால் புரட்டாதி வரை மன்னார்க் கரையில் ஓய்வதில்லை. அது அடங்கியபின் வாடை வரும். கடற்றொழிலாளர் காலமெல்லாம் கணக்குப் பார்த்துப் படகு இறக்கிய இந்தக் காற்றுத்தான் இன்று முதலீட்டாளரையும் இங்கே இழுத்து வருகிறது.

தனியார் காற்றாலை என்பது கம்பனியின் சொந்தப் பணத்தில் நடக்கும் சொந்த வியாபாரம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது பாதி உண்மை. கம்பனி கடன் எடுக்கிறது, கோபுரம் நடுகிறது, மின்சாரம் எடுக்கிறது. ஆனால் வாங்குவதற்கு இருந்தது ஒரே இடம்: இலங்கை மின்சார சபை. இருபது வருடத்துக்கு இன்ன விலை என்று ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கம்பனி கடனே பெறுகிறது. கடனை அடைப்பது கடைசியில் வீட்டு மின்பட்டியல். ஆகவே அந்த விலை எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை பட்டியல் கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

மன்னார்த் தீவின் தென்கரையில் முதலில் எழுந்த பெரிய காற்றாலை அரசுடையது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனில், 30 கோபுரங்களுடன், ‘தம்பபவனி’ 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து வந்தது அதானி நிறுவனம்: மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட். திறந்த கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. 2022 ஜூனில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, போட்டி விலைமனு என்ற கட்டாயமும் நீக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அமைச்சரவை அங்கீகரித்த விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம்.

அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்குப் போட்டி விலைமனு கோரியபோது ஹேலிஸ் ஃபென்டன்ஸ் நிறுவனம் 4.65 சதத்துக்கு இணங்கியது. வித்தியாசம் 3.61 சதம். நூறு கோடி அலகுக்கு அது 3 கோடியே 61 இலட்சம் டொலர்! திட்டங்களின் அளவு வேறு, கட்டவேண்டிய வசதிகள் வேறு என்று அதானி திட்டத்தை ஆதரித்தவர்கள் வாதிடலாம். வாதிடட்டும். போட்டியே நடக்காத இடத்தில் அந்த வாதத்தை நிறுத்துப்பார்க்கத் தராசு ஏது? அடுத்து வந்த அரசாங்கம் அந்த விலைக்கான அனுமதியை விலக்கியது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் வெளியேறுவதாக அறிவித்தது.

விலை குறைந்தால் எல்லாம் சரி என்பதும் அல்ல. போட்டியில் வென்ற திட்டத்தின் கோபுரங்களும் அதே ஒடுங்கிய மணல்தீவில்தான் எழுந்தன. கோபுர அடித்தளங்களும் பாதைகளும் மழைவெள்ளம் கடலுக்கு வடிவதை மறிக்கின்றன என்பது தீவுவாசிகளின் முறைப்பாடு. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழியும் இதுவே. 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். செப்டெம்பர் 26 இரவு, கோபுரப் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது, மறித்து நின்றவர்கள்மீது பொலிஸ் பலம் பாய்ந்தது. அவர்கள் காற்று மின்சாரத்துக்கு எதிரிகள் அல்லர். நிலக்கரியையும் டீசலையும் எரிப்பதைவிடக் காற்று மேலானது என்பதில் அவர்களுக்குத் தகராறு இல்லை. தங்கள் வாசலில் எது நடப்படும் என்பதைத் தங்களிடம் கேளுங்கள் என்றார்கள், அவ்வளவுதான்.

தொடங்கிய திட்டங்களுக்கு அப்பால், மக்களின் இணக்கமின்றி மன்னார்த் தீவில் புதிய காற்றாலை இல்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அந்த வாக்குறுதி தீவுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் நாம் கூடியிருக்கும் இலுப்பைக்கடவை தீவில் இல்லை, பெருநிலத்தில் இருக்கிறது. விடத்தல்தீவிலிருந்து இலுப்பைக்கடவை வழியாகப் பூநகரி வரை நீளும் பெருநிலக் கரைக்கு அது பொருந்துமா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். காற்று இந்தக் கரையிலும் வீசுகிறது. வாடிகளும் கரைவலைப் பாடுகளும் இங்கும் உண்டு, வயலும் குளமும் கூடவே உண்டு.

தனியார் வரட்டும். திறந்த கேள்விப்பத்திரத்தோடு வரட்டும். சுற்றாடல் அறிக்கை தமிழில், கிராமத்தில், கோபுரத்தின் இடம் தீர்மானிக்கப்படுமுன் வாசிக்கப்படட்டும். காற்றை அளக்கும் முதல் தூண் இந்த மண்ணில் ஊன்றப்படுமுன், இங்கே கூடியிருக்கும் கடற்றொழிலாளரும் கமக்காரரும் தங்கள் சங்கங்களின் பெயரில் இந்தக் கோரிக்கையைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.