போனைப் பேரன் கையில் கொடுக்காதீங்க

(வெள்ளகோவிலில், கைப்பேசி கற்க வந்த பெரியவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சூரியகாந்தி விதை என்ன விலைக்கு ஏலம் போச்சு, தறிக்குடோனில் நாளைக்கு ஷிப்ட் உண்டா, திருப்பூரில் இருக்கிற மகன் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறானா... இதெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. போன் உங்கள் மடியில்தான் இருக்கிறது. ஆனால் வந்ததைப் படித்துச் சொல்வது யார்? பேரன். பதில் போடுவது? அதுவும் பேரன்தான்.

பேரன் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது என்ன செய்வீர்கள்? இ-சேவை மையத்தில் உதவித்தொகைக்கோ சான்றிதழுக்கோ விண்ணப்பித்தபோது யாருடைய செல் எண்ணைக் கொடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெளியூர் மருமகன் எண் என்றால், விண்ணப்பம் என்ன ஆச்சு என்ற குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். அவர் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். உங்கள் விண்ணப்பம், உங்கள் பணம், ஆனால் சேதி மட்டும் இன்னொருத்தர் வீட்டில்.

இது நம் மாநிலத்துக்குப் புது விஷயம் இல்லைங்க. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்க வந்த பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள். அதுவரை கேரியரில் உட்கார்ந்து போனவர்கள், ஹேண்டில்பாரைத் தாங்களே பிடித்தார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும் யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். போனைப் பேரனிடம் நீட்டும்போது நாம் இன்னும் கேரியரில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம். அதில் எழுத்து, எண்ணோடு டிஜிட்டல் அறிவும் ஒரு பாடம். மேல் வயது வரம்பு கிடையாது. ஆக, 'எனக்கு வயசாயிப்போச்சு' என்பதை அரசாங்கமே ஒத்துக்கொள்ளவில்லை!

சரி, எது தடுக்கிறது? அறிவுக் குறைவு இல்லை. பயம். 'எதையாவது அமுக்கிப்போட்டா என்னமாச்சும் ஆயிப்போயிருமுங்க' என்பதுதான் பெரியவர்களிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை. அந்தப் பயத்துக்கு வாட்ஸ்அப்பிலேயே மருந்து இருக்கிறது. உங்கள் எண்ணுக்கே நீங்கள் செய்தி அனுப்பலாம், தெரியுமா? வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். நோட்டில் எழுதிப் பழகுவது மாதிரி, அங்கே தப்பும் தவறுமாக எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பிப் பாருங்கள். அடுத்தவருக்குத் தப்பாக அனுப்பிவிட்டால், 15 நிமிடத்துக்குள் அதையே திருத்தலாம். இரண்டு நாள் வரைக்கும், எல்லாருக்குமாக அழித்தும் விடலாம். (அழித்தது அவர்களுக்குத் தெரியும். என்ன எழுதியிருந்தீர்கள் என்பது அவர்கள் அதற்குள் படித்திருந்தால்தான் தெரியும். சம்பந்தி வீட்டுக் குரூப்பில் கொஞ்சம் ஜாக்கிரதை.)

தட்டச்சு வரவில்லையா? விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள், போன் தமிழில் எழுதும். கூகுள் விசைப்பலகையில் 2017-லேயே இந்த வசதி வந்துவிட்டது. நம் கொங்குப் பேச்சு சில சமயம் அதற்குப் பிடிபடாது. கொஞ்சம் நிறுத்திப் பேசினால் வழிக்கு வரும்.

எந்தப் பயத்தை விடணும் என்று சொன்னேன். எந்தப் பயம் இருக்கணும் என்றும் சொல்லணும். தப்பான பட்டனை அமுக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஓ.டி.பி.யை இன்னொருத்தரிடம் சொன்னால்தான் ஆகும். பணம் நமக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. 'பணம் அனுப்பறேன், பின் போடுங்க' என்று ஒருவன் சொன்னால் அவன் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறான். வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினாலும் பயப்படாதீங்க, சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. மகன் திட்டுவானே என்று ராத்திரி வரைக்கும் மறைத்து வைக்காதீங்க.

அரசுத் துறையில் மனு கிடப்பில் இருந்தால் 1100, முதல்வரின் உதவி மைய எண். அதிலும் நீங்களே பேசுங்கள்.

இன்னைக்கு முதல் வேலை, அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது. பாதிப் பேருக்குப் பிரச்சினை போனில் இல்லை, பொடி எழுத்தில்தான். பக்கத்தில் இருப்பவர் செய்து தர வந்தால், 'வேண்டாம் கண்ணு, எங்கே அமுக்கணும்னு மட்டும் சொல்லு' என்று கேளுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கோங்க, ஆரம்பிக்கலாம்.